மரபணு திருத்திய நெல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 மே 4 அன்று மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சவுகான் இரண்டு புது நெல் ரகங்களை அறிவித்தார். ஒன்று ஹைதராபாத்தில் உள்ள இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘டி.ஆர்.ஆர். தான் 100’, அதாவது கமலா. மற்றொன்று தில்லி பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1’. இரண்டுமே மரபணு திருத்தம் செய்தவை. பயிரிடப் பரிந்துரைத்த பகுதிகளில் தமிழ்நாடும் புதுச்சேரியும் இருக்கின்றன. அன்றிலிருந்து உழவர்களும் வீட்டுக்கு அரிசி வாங்குபவர்களும் கேட்டுவரும் கேள்விகளுக்குத்தான் இந்தப் பதில்கள். என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தத் தொழில்நுட்பத்தை நான் எதிர்க்கவில்லை. இதை மக்களிடம் கொண்டுவந்த விதம்தான் எனக்கு ஏற்புடையதாக இல்லை.

மரபணு மாற்றமும் மரபணு திருத்தமும் ஒன்றுதானா?

இல்லை. பி.டி. பருத்தியில் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவை எடுத்துப் பருத்திக்குள் வைத்தார்கள். அதுதான் மரபணு மாற்றம். திருத்தத்தில், பயிரிடம் ஏற்கெனவே இருக்கும் மரபணுவில் ஒரு குறிப்பிட்ட இடத்தை வெட்டுகிறார்கள். வெட்டிய இடத்தைச் செல் தானே ஒட்டும்போது டி.என்.ஏ.வின் ஓரிரு எழுத்து, அதாவது அதன் மிகச் சிறிய அலகு, விடுபடும் அல்லது கூடும். அந்த மரபணு செயலிழக்கும், அல்லது வேறு மாதிரி வேலை செய்யும். வெட்டும் கருவிக்குப் பெயர் கிரிஸ்பர். 2012இல் அதை உருவாக்கிக் காட்டிய எமானுயேல் ஷார்பாந்தியேவும் ஜெனிஃபர் டவுட்னாவும் 2020இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்கள்.

திருத்தத்தில் மூன்று வகை உண்டு. வெறுமனே வெட்டிவிட்டுச் செல்லை ஒட்ட விடுவது முதல் வகை. ஒரு சிறு மாதிரியைக் கொடுத்து அதன்படி ஒட்ட வைப்பது இரண்டாம் வகை. வெட்டிய இடத்தில் வெளி மரபணு ஒன்றையே நுழைப்பது மூன்றாம் வகை. சட்டம் இந்த மூன்றையும் வேறுவேறாகப் பார்ப்பதால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கமலாவில் சரியாக என்ன செய்தார்கள்?

கமலாவின் தாய் ரகம் சம்பா மசூரி. நம் ஊரில் பி.பி.டி. 5204 என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். ஆந்திராவின் பாபட்லாவில் உருவாகி 1986இல் வெளிவந்த ரகம். சன்ன அரிசி, சாப்பாட்டுக்கு நல்ல ருசி, சந்தையில் நல்ல விலை. குறை என்னவென்றால் வயது அதிகம், கிட்டத்தட்ட 145, 150 நாள் ஆகும்.

நெற்பயிரில் சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஊக்கி சுரக்கிறது. கதிர் உருவாகும்போது அது எவ்வளவு இருக்கிறதோ அதைப் பொறுத்துக் கதிரில் மணிகளின் எண்ணிக்கை கூடும், குறையும். அந்த ஊக்கியைச் சிதைக்கும் நொதியை உண்டாக்கும் மரபணு ஒன்று நெல்லில் இருக்கிறது. அதைச் செயலிழக்க வைத்தால் ஊக்கி கதிர் நுனியில் தங்கும், மணிகள் கூடும். இது ஹைதராபாத்தில் புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல. அதிக மணி பிடிக்கும் ஒரு நெல் ரகத்தில் இதே மரபணு இயற்கையிலேயே பழுதாகி இருப்பதை ஜப்பானிய விஞ்ஞானிகள் 2005இலேயே காட்டிவிட்டார்கள். அந்தப் பழுதைத்தான் சம்பா மசூரியில் கிரிஸ்பர் கொண்டு உண்டாக்கினார்கள்.

அரசு தரும் கணக்கு இது: சராசரி மகசூல் எக்டேருக்கு 5.37 டன், தாய் ரகத்துக்கு 4.5 டன். ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் சுமார் 350 கிலோ கூடுதல். வயதும் 15 முதல் 20 நாள் குறைகிறது என்கிறார்கள். டெல்டாக்காரர்களுக்கு மகசூலைவிட இந்த நாள் கணக்குத்தான் பெரிது. மேட்டூர் அணையை வழக்கமாக மூடுவது ஜனவரி 28. தாமதமாக நட்ட சம்பா அதற்குப் பிறகும் தண்ணீர் கேட்டு நிற்கும் கவலை அவர்களுக்குத்தான் தெரியும்.

பூசா டி.எஸ்.டி.?

இதன் தாய் எம்.டி.யு. 1010 என்ற நெல் ரகம். இலைத்துளைகள் திறந்து மூடுவதைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவைச் செயலிழக்க வைத்திருக்கிறார்கள். துளை வழியாக நீர் போவது குறைந்தால் வறட்சியையும் உப்பையும் பயிர் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். கடலோர உவர் நிலத்தில் எக்டேருக்கு 1,912 கிலோ தந்த தாய் ரகத்துக்கு எதிராக இது 2,493 கிலோ தந்தது என்பது அறிவிப்பு. விழுக்காட்டில் 30 என்று கேட்கும்போது பெரிதாகத் தெரியும். கிலோவில் பார்த்தால் இரண்டரை டன்தான். உவர் நிலத்தில் அதுவும் லாபமே. ஆனால் எந்த அடிப்படையிலிருந்து 30 விழுக்காடு என்று கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.

வெளி மரபணு உள்ளே போகவே இல்லை என்கிறார்களே, உண்மையா?

விளைந்து வரும் பயிரைப் பொறுத்தவரை உண்மை. செய்முறையைப் பொறுத்தவரை முழு உண்மை அல்ல. வழக்கமான முறையில், வெட்டும் கருவியை உண்டாக்கும் மரபணுவை ஒரு பாக்டீரியா வழியாக முதலில் நெல்லுக்குள் அனுப்புகிறார்கள். அந்தக் கட்டத்தில் அது மரபணு மாற்றிய செடிதான். வேலை முடிந்த பிறகு, அடுத்த தலைமுறைகளில் திருத்தம் மட்டும் தங்கி, கருவி கழன்றுபோன செடிகளைப் பொறுக்கி எடுக்கிறார்கள். எதிர்ப்பாளர்கள் செய்முறையைப் பிடித்துக்கொள்கிறார்கள், ஆதரவாளர்கள் விளைபொருளைக் காட்டுகிறார்கள். இரு பக்கமும் பொய் சொல்லவில்லை. ‘வெளி மரபணுவே கிடையாது’ என்று ஒரே வரியில் முடிக்காமல் இந்த நடுக்கட்டத்தையும் அரசு விளக்கியிருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது.

கருவி உண்மையிலேயே கழன்றுவிட்டதா என்று பார்ப்பது சடங்கு வேலை இல்லை. அமெரிக்காவில் கொம்பு முளைக்காத மாடுகளை மரபணு திருத்தத்தில் உருவாக்கினார்கள். சுத்தமான திருத்தம் என்றுதான் அதை உருவாக்கியவர்கள் சொன்னார்கள். 2019இல் உணவு, மருந்து நிர்வாகத்தின் விஞ்ஞானிகள் அந்த மாட்டின் மரபுத்தொகுதியை, அதாவது மொத்த டி.என்.ஏ.வை, எடுத்துப் பார்த்தபோது, ஒட்டுவதற்கான மாதிரியைச் சுமந்து சென்ற பாக்டீரியா டி.என்.ஏ.வும் ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பு மரபணுக்களும் அப்படியே உள்ளே இருந்தன. செய்தவர்களுக்கு அது தெரியவில்லை. வெளியாள் பார்த்ததால் தெரிந்தது.

இந்தியாவில் இதற்குச் சட்டம் என்ன சொல்கிறது?

சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989இல் வந்த விதிகள்தான் இன்றும் அடிப்படை. மரபணு மாற்றிய எதையும் வயலில் விட வேண்டுமானால் மத்திய மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் அனுமதி வேண்டும். பி.டி. பருத்தி, பி.டி. கத்தரி, மரபணு மாற்றிய கடுகு எல்லாம் அந்த வாசலுக்குப் போனவைதான்.

2022 மார்ச் 30 அன்று சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அலுவலகக் குறிப்பாணை வெளியிட்டது. மேலே சொன்ன முதல் இரண்டு வகைத் திருத்தப் பயிர்களில் வெளி டி.என்.ஏ. இல்லையென்றால், 1989 விதிகளின் 7 முதல் 11 வரை அவற்றுக்குப் பொருந்தாது என்றது. அதே ஆண்டு மே மாதம் உயிரித் தொழில்நுட்பத் துறை வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஆக, மதிப்பீட்டுக் குழுவிடம் போகத் தேவையில்லை. பயிரை உருவாக்கும் நிறுவனத்திலேயே அமைந்த உயிரிப் பாதுகாப்புக் குழு தரவுகளைப் பார்த்து, வெளி டி.என்.ஏ. மிச்சமில்லை என்று உறுதிசெய்தால் போதும். அப்புறம் அது சாதாரணப் புது ரகம் போலவே அகில இந்திய நெல் ஆய்வுத் திட்டத்தின் சோதனை வயல்களுக்குப் போகும். கமலாவும் பூசா டி.எஸ்.டி.யும் 2023, 2024 ஆண்டுகளில் அப்படித்தான் சோதிக்கப்பட்டன.

விலக்கிய விதிகளில் 11ஆவது எதைப் பற்றியது என்று பலர் கவனிக்கவில்லை. அது உணவுப்பொருள் பற்றியது. மரபணு மாற்றிய உயிரியைக் கொண்ட உணவை அனுமதியில்லாமல் விற்கவோ பயன்படுத்தவோ கூடாது என்பது அந்த விதி. கோடிக்கணக்கானோர் தினமும் உண்ணும் அரிசியைத் தொடும் முடிவு, நாடாளுமன்ற விவாதத்தில் பிறக்காமல் ஒரு குறிப்பாணையில் பிறந்தது.

அந்த விலக்கே தவறு என்கிறீர்களா?

விலக்கின் அறிவியல் தர்க்கம் பலமானது. கதிர்வீச்சும் ரசாயனமும் கொடுத்து மரபணுவில் திடீர் மாற்றம், அதாவது சடுதி மாற்றம், உண்டாக்கிய ரகங்கள் உலகில் மூவாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. டிராம்பே அணு ஆராய்ச்சி மையத்தின் நிலக்கடலை ரகங்களை நாம் பல காலமாகச் சாப்பிட்டு வருகிறோம். அந்த முறையில் மரபுத்தொகுதியில் எங்கெங்கே மாறியது என்றே தெரியாது, யாரும் அனுமதியும் கேட்பதில்லை. ஒரே இடத்தில் வெட்டும் முறைக்கு அதைவிடக் கடுமையான சட்டம் வேண்டும் என்று சொல்ல எனக்கு நியாயம் தெரியவில்லை.

ஆனால் இதையே திருப்பிப் போட்டும் பார்க்க வேண்டும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில், ரசாயனச் சடுதி மாற்றத்தால் களைக்கொல்லியைத் தாங்கும் ‘ராபின்’ என்ற நெல் கிடைத்தது. அந்தக் குணத்தை பாஸ்மதிக்குள் கொண்டுவந்து 2021இல் பூசா நிறுவனம் இரண்டு ரகங்களை வெளியிட்டது. மரபணு மாற்றம் இல்லை, அதனால் மதிப்பீட்டுக் குழு பார்க்க வேண்டியதில்லை. ஆனால் களைக்கொல்லி தாங்கும் நெல் வயலுக்கு வந்தால் களைக்கொல்லி தெளிப்பு கூடுமா, அந்தக் குணம் காட்டு நெல்லுக்குப் போகுமா என்பதெல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள். எந்தக் கருவியால் செய்தார்கள் என்பதைவிட, வந்த குணம் வயலிலும் தட்டிலும் என்ன செய்யும் என்பதைப் பார்க்கும் சட்டம்தான் வேண்டும். மணி கூடும் நெல்லுக்கு இலகுவான சோதனை போதும். களைக்கொல்லி தாங்கும் நெல்லுக்கு, எந்த முறையில் பிறந்திருந்தாலும் கடுமையான சோதனை வேண்டும்.

சாப்பிட்டால் உடம்புக்கு ஏதாவது ஆகுமா?

இந்த இரண்டு ரகங்களிலும் இருப்பது நெல்லின் ஒரு மரபணு வேலை செய்யாமல் போனதுதான். புதிய புரதம் எதையும் சேர்க்கவில்லை. அந்த மாற்றத்தால் ஆபத்து வரும் என்று நினைக்க எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. குறியிட்ட இடம் தவிர வேறெங்காவது வெட்டு விழுந்திருக்குமா என்பது நியாயமான கேள்வி. மரபுத்தொகுதி முழுவதையும் படித்துத் தாய் ரகத்தோடு ஒப்பிட்டால் அதற்கு விடை கிடைத்துவிடும். அந்த ஒப்பீட்டை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுவதில் என்ன தயக்கம்?

அப்படியானால் மக்கள் ஏன் இவ்வளவு அஞ்சுகிறார்கள்?

முன்னே பட்ட அனுபவம். 2002இல் பி.டி. பருத்தி வந்தது. முதலில் காய்ப்புழு அடங்கியது, பிறகு இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதற்குப் பழகிக்கொண்டது. விதை வாங்க ஆண்டுதோறும் கடைக்குப் போகும் நிலையும் வந்தது. 2009 அக்டோபரில் பி.டி. கத்தரிக்கு மதிப்பீட்டுக் குழு பச்சைக்கொடி காட்டியது. அதில் நம் கோவைப் பல்கலைக்கழகத்துக்கும் பங்கு உண்டு. நம் கத்தரி ரகங்களிலேயே அந்த மரபணுவைச் சேர்த்திருந்தார்கள். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய் அதை எதிர்த்துப் பேசினார். அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்களை நேரில் சந்தித்துக் கேட்டார். கூச்சல், தள்ளுமுள்ளு எல்லாம் இருந்தது. 2010 பிப்ரவரி 9 அன்று பி.டி. கத்தரியை நிறுத்திவைத்தார்.

அந்த முடிவு சரியா தவறா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் ஒரு அமைச்சர் தட்டில் விழும் காய்கறியைப் பற்றி மக்களிடம் வந்து கேட்டார். கமலாவுக்கு அப்படி ஒரு கூட்டம்கூட நடக்கவில்லை. மரபணு மாற்றிய கடுகு வழக்கில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவர் மாறுபட்ட தீர்ப்பு தந்தார்கள். அவர்களே ஒத்துப்போன இடம் ஒன்று: சம்பந்தப்பட்ட எல்லோரையும் கலந்து மரபணு மாற்றப் பயிர்களுக்குத் தேசியக் கொள்கை வகுக்க வேண்டும் என்பது.

மகசூல் கணக்கை நம்பலாமா?

2025 அக்டோபரில், மரபணு மாற்றத்தை எதிர்க்கும் கூட்டமைப்பு ஒன்று, இந்த இரண்டு ரகங்களையும் உருவாக்கிய இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் சொந்தச் சோதனை அறிக்கைகளை எடுத்து வைத்தே, முடிவுகள் இடத்துக்கு இடம் மாறுவதாகவும் அறிவிப்பு அதை மறைப்பதாகவும் குற்றம் சாட்டியது. கழகம் மறுத்தது. எந்தப் புது ரகமும் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி விளையாது, அது உழவருக்குத் தெரியாததல்ல. சராசரியை மட்டும் சொல்லாமல், எந்த ஊரில் எவ்வளவு விளைந்தது, எங்கே தாய் ரகத்திடம் தோற்றது என்ற முழுப் பட்டியலையும் தமிழிலும் வெளியிட்டிருந்தால் இந்தச் சண்டைக்கே இடமில்லை.

மற்ற நாடுகளில் என்ன நிலை?

வெளி மரபணு இல்லாத திருத்தப் பயிரை மரபணு மாற்றத்திலிருந்து பிரித்துப் பார்க்க முதலில் விதி செய்தது அர்ஜென்டினா, 2015இல். அமெரிக்கா 2020இல் விலக்கு தந்தது. அந்த விதியை 2024 டிசம்பரில் அங்குள்ள ஒரு நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஐரோப்பிய நீதிமன்றம் 2018இல் இவையும் மரபணு மாற்றச் சட்டத்தின் கீழ்தான் வரும் என்றது. 2023இலிருந்து அதைத் தளர்த்த அங்கே நீண்ட பேச்சு நடந்து, 2025 டிசம்பரில் நாடாளுமன்றமும் உறுப்பு நாடுகளும் ஒரு தற்காலிக உடன்பாட்டுக்கு வந்தன. இங்கிலாந்து 2023இல் தனிச் சட்டமே இயற்றியது.

மக்கள் ஏற்பு என்ற வகையில் எனக்குப் பாடமாகத் தெரிவது ஜப்பானும் இத்தாலியும். ஜப்பானில் 2021இல் காபா என்ற சத்து கூடுதலாக உள்ள திருத்திய தக்காளி வந்தது. அதை உருவாக்கிய நிறுவனம் நேரே கடைக்குப் போகவில்லை. விருப்பம் தெரிவித்த நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு முதலில் நாற்றுகளை இலவசமாகக் கொடுத்தது. சட்டம் கேட்காமலேயே ‘மரபணு திருத்தம் செய்தது’ என்று லேபிளில் எழுதியது. வாங்குபவர் தெரிந்தே வாங்கினார்.

இத்தாலியில் மிலான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குலை நோயைத் தாங்கும் திருத்திய நெல்லை 2024 மே மாதம் பாவியா பகுதியில் நட்டார்கள். மொத்தம் 28 சதுர மீட்டர், சுற்றிலும் வேலி. ஜூன் மாதத்தில் ஓர் இரவு யாரோ வேலியை அறுத்துப் பயிரைச் சிதைத்துவிட்டுப் போனார்கள். பூஞ்சைக்கொல்லி தெளிப்பைக் குறைக்க முயன்ற ஆய்வு அது. அச்சம் எவ்வளவு நியாயமானாலும் இந்தச் செயலை என்னால் ஏற்க முடியாது. வயலை அழித்தால் யாருக்கும் விடை கிடைக்காது.

அரிசி மூட்டையில் லேபிள் வேண்டுமா? சோதித்தால் கண்டுபிடிக்க முடியாதாமே?

லேபிள் வேண்டும் என்றுதான் சொல்வேன். ஓரிரு எழுத்து மாறியது இயற்கையிலா கிரிஸ்பராலா என்று ஆய்வகத்தில் பிரித்துச் சொல்வது கடினம்தான். ஆனால் இயற்கை விவசாய அரிசிக்கும் ஆய்வகச் சோதனை மட்டுமா சான்று? விதையிலிருந்து ஆலை வரை உள்ள பதிவேடுதான் அடிப்படை. சான்று விதை மூட்டையில் ஏற்கெனவே ரகத்தின் பெயர் அட்டை தொங்குகிறது. அதில் ஒரு வரி சேர்ப்பது பெரிய காரியமா?

விதையை அடுத்த போகத்துக்கு எடுத்து வைக்கலாமா? காப்புரிமை யாருக்கு?

இவை கலப்பின வீரிய ரகங்கள் அல்ல, எடுத்து வைத்த விதையும் அதே மாதிரி முளைக்கும். 2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆவது பிரிவு, விதையைச் சேமிக்க, விதைக்க, பரிமாற, விற்க உழவருக்கு உரிமை தருகிறது. பிராண்டு போட்டு விற்கக் கூடாது, அவ்வளவுதான். நம் காப்புரிமைச் சட்டமும் செடிக்கும் விதைக்கும் காப்புரிமை தருவதில்லை.

சிக்கல் கருவியில் இருக்கிறது. கிரிஸ்பர் காப்புரிமைகள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிடமும் ஆய்வு நிறுவனங்களிடமும் இருக்கின்றன. வேளாண்மைக்கான உரிமத்தில் கார்டேவா என்ற பெரிய விதை நிறுவனத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. பொதுப் பணத்தில் உருவான கமலாவுக்கு எந்த நிபந்தனையில் உரிமம் வாங்கப்படுகிறது, அந்தச் செலவு விதை விலையில் ஏறுமா என்பதை அரசு எழுத்தில் சொல்ல வேண்டும். கட்டாக்கில் உள்ள நெல் ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் கிரிஸ்பரைவிடச் சிறிய ஒரு திருத்தக் கருவியை உருவாக்கிக் காப்புரிமை பெற்றிருக்கிறார்கள். அந்த வழி வளர்ந்தால் இந்தக் கவலை குறையும்.

உப்பைத் தாங்கும் பாரம்பரிய நெல் நம்மிடம் இருக்கும்போது இது எதற்கு?

குழியடிச்சான் இருக்கிறது, களர்பாலை இருக்கிறது. நெல் ஜெயராமன் போன்றவர்கள் தேடித் தேடி மீட்டுத் தந்தவை எத்தனையோ. அவற்றின் ஆய்வுக்கும் விதைப் பெருக்கத்துக்கும் அரசு இதே அக்கறையோடு பணம் ஒதுக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. 2023-24 பட்ஜெட்டில் மரபணு திருத்தத்துக்கு மட்டும் 500 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். ஆனால் பி.பி.டி. விளைவித்து பி.பி.டி. விலைக்கு விற்று வாழும் உழவரிடம் குழியடிச்சான் போடு என்று சொல்லிவிட்டு நாம் போய்விட முடியாது. சந்தை அவருக்கு அந்த விலையைத் தருவதில்லை.

ஏற்றுமதிக்குப் பாதிப்பு வருமா?

வாங்கும் நாடு ஏற்காத வரை ஆபத்து உண்டு. 2006இல் அமெரிக்காவில், அனுமதி பெறாத மரபணு மாற்றிய நெல் சாதாரண நெல்லில் கலந்துவிட்டது. ஐரோப்பாவுக்கான ஏற்றுமதி முடங்கியது. உழவர்கள் வழக்குப் போட்டு, 2011இல் பேயர் நிறுவனம் 75 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. விதைப் பெருக்கம், களம், ஆலை எல்லா இடத்திலும் பிரித்து வைக்கும் ஏற்பாடு ரகம் பரவும் முன்பே வேண்டும். இயற்கை விவசாயச் சான்று பெற்றவர்களுக்கும் இதே பாதுகாப்பு தேவை.

என் வயலில் போடச் சொன்னால் நான் யாரிடம் என்ன கேட்பது?

முதலில் வட்டார வேளாண் அலுவலரிடம், உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எங்கே சோதித்தார்கள், எந்தப் பருவத்தில், பி.பி.டி.யோடு வைத்துப் பார்த்தபோது எவ்வளவு வித்தியாசம் என்று கேளுங்கள். அகில இந்திய நெல் ஆய்வுத் திட்டத்துக்கு ஆடுதுறையிலும் கோவையிலும் மையங்கள் இருக்கின்றன. அந்த ஊர்களின் எண்கள்தான் உங்களுக்குப் பயன்படும், அகில இந்தியச் சராசரி பயன்படாது. பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். அப்புறம் புகையான், குலை நோய், சாய்தல் ஆகியவற்றில் தாய் ரகத்தோடு ஒப்பிட்டால் எப்படி என்று கேளுங்கள். கதிரில் மணி கூடினால் கதிர் கனக்கும், தண்டு அதைத் தாங்குமா என்பது வடகிழக்குப் பருவமழையில் நெல் வைத்திருக்கும் எவருக்கும் முதல் கேள்வி. திருப்தியான பதில் கிடைத்தால் முதல் போகத்தில் ஒரு மூலையில் கால் ஏக்கர் மட்டும் போட்டு, பக்கத்திலேயே உங்கள் வழக்கமான பி.பி.டி.யையும் நட்டுப் பாருங்கள்.